கடுகு பூமி, பூசணிச் சூரியன்

நிலா ஏன் தேய்கிறது, ஏன் வளர்கிறது என்று உங்கள் வீட்டில் ஒருநாள் கேட்டுப் பாருங்களேன். "பூமியோட நிழல் அதுமேல விழுது" என்று பட்டென்று பதில் வரும். படிக்காதவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள். காலேஜ் முடித்தவர்களும் இதையேதான் சொல்வார்கள். இது சந்திர கிரகணத்துக்குச் சொல்லவேண்டிய பதில். வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் பூமியின் நிழலோடு சம்பந்தமே கிடையாது. நிலாவின் ஒரு பாதி மேல் எப்போதும் வெயில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வெளிச்சப் பாதியில் நம் கண்ணுக்குத் தெரிகிற பங்கு நாளுக்கு நாள் மாறுகிறது, அவ்வளவுதான் சமாசாரம்.

மணப்பாறைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் வருஷக்கணக்காக விஞ்ஞானப் பாடம் எடுக்கிறேன். இந்தப் பாடத்தை எத்தனை தடவை நடத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. போர்டில் வட்டம் வட்டமாகப் போட்டு, கலர் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு விளக்குவேன். பரீட்சையில் பிள்ளைகள் அழகாக எழுதி, ஐந்துக்கு ஐந்து வாங்குவார்கள். அடுத்த மாசம் கேட்டால் மறுபடியும் "பூமியோட நிழல், டீச்சர்!" தட்டையான காகிதத்தில் பார்த்தது மூளையின் மேல்தட்டிலேயே நின்றுவிடுகிறது. உருண்டையான விஷயத்தைத் தட்டையாகச் சொல்லிக் கொடுத்தால் வேறு என்ன ஆகும்?

2019-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சூரிய கிரகணம் என்று பஞ்சாங்கத்திலும் போட்டிருந்தது, பேப்பரிலும் வந்தது. சாதாரண கிரகணமில்லை, கங்கண கிரகணம். சூரியனுக்கு நடுவில் கறுப்பு வட்டம் உட்கார்ந்து, சுற்றிலும் நெருப்பு வளையல் மாதிரி தெரியும். அந்த வளையல் தெரியும் பாதை கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று நம் ஊர்களின் தலைக்கு மேலேயே போகிறது. மணப்பாறை சரியாக அதற்குள் வருகிறது! இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா? நவம்பரிலேயே பிள்ளைகளைத் திருச்சிக்கு, அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்கு அழைத்துப் போவதென்று தீர்மானித்தேன்.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மனுஷி. ஆனால் பணம் என்றால் கொஞ்சம் யோசிப்பார். "மலைக்கோட்டைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க, பெத்தவங்க திட்டமாட்டாங்க" என்றார். மலைக்கோட்டையும் சேர்ந்தது. அப்படியும் சில தாய்மார்கள் வந்து முணுமுணுத்தார்கள். "கெரணம் வர்ற நேரத்துல அதைப் பத்தியே பேசணுமா? பொம்பளப் புள்ளைங்களுக்கு ஆகாசத்துல என்ன வேலை?" என்று ஒரு அம்மாள் கேட்டார். அந்த ஜூலையில் சந்திரனுக்குக் கிளம்பிய சந்திரயான்-2 திட்டத்துக்கு இயக்குநராக இருந்தது முத்தையா வனிதா என்ற தமிழ்ப் பெண்மணி. அதை நான் சொன்னதும் அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்து, "அவங்களும் கல்யாணம் காச்சி ஆனவங்கதானா?" என்றார். எனக்குத் தெரியாத விஷயத்தை எப்படிச் சொல்வது? சிரித்துவிட்டு ரசீதைக் கையில் கொடுத்தேன்.

நாற்பத்திரண்டு பெண்கள், மூன்று டீச்சர்கள், ஒரு பஸ். என் கையில் ஒரு பெரிய கட்டைப் பை. அதில் என்ன என்று வழியெல்லாம் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பூசணிக்காய், கடுகு ஒரு பொட்டலம், ரவை ஒரு பொட்டலம், நெல்லிக்காய், ஒரு டஜன் எலுமிச்சம்பழம், கொண்டை ஊசிகள், எம்பிராய்டரி வளையம் பெரிதும் சிறிதுமாக இரண்டு, அப்புறம் முறுக்கு அச்சு. "டீச்சர் சமைக்கப் போறாங்கடி!" என்று பின் சீட்டில் ஒரே கும்மாளம்.

கோளரங்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை ரோட்டில் விமான நிலையத்துப் பக்கம் இருக்கிறது. 1999-ல் திறந்தது. உள்ளே கவிழ்த்துப் போட்ட கிண்ணம் மாதிரி கூரை. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு விளக்கை அணைத்ததும் தலைக்கு மேல் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. நாற்பத்திரண்டு வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் "ஹா!" என்று வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த மாதிரிக் கூரையில் வானத்தைக் காட்டும் கருவியை முதன்முதலில் செய்யச் சொன்னதே ஒரு மியூசியம்தான். ஜெர்மனியில் மியூனிக் நகரத்து மியூசியத்துக்காக ஜெய்ஸ் கம்பெனி செய்து, 1923-ல் காட்டினார்கள்.

ஆனால் ஒன்று. காட்சி முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், குச்சி ஐஸ் வாங்கிக்கலாமா?" நான் கோபித்துக்கொள்ளவில்லை. சினிமா பார்த்தாலும் இப்படித்தானே! உட்கார்ந்து பார்ப்பது மனசை மலர்த்தும், ஆசையைக் கிளப்பும். புரிந்துகொள்வதற்குக் கை வேண்டும், கால் வேண்டும். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் 1969-ல் பிராங்க் ஓப்பன்ஹைமர் என்பவர் 'எக்ஸ்ப்ளோரடோரியம்' என்று ஒரு மியூசியம் ஆரம்பித்தார். அங்கே வைத்திருப்பதெல்லாம் தொட்டு, திருகி, ஆட்டிப் பார்ப்பதற்குத்தான். அவர் பெரிய பௌதிக விஞ்ஞானி, கொஞ்ச காலம் ஹைஸ்கூல் வாத்தியாராகவும் இருந்தவர். வாத்தியாராக இருந்ததால்தான் இந்த யோசனை வந்திருக்கும் என்பது என் எண்ணம். 'தொடாதே' போர்டு மாட்டின இடத்தில் எந்தப் பிள்ளைக்கு என்ன ஏறும்?

ஐஸ் சாப்பிட்டு முடித்ததும் பூசணிக்காயை ஒருத்தி கையில் கொடுத்து மரத்தடியில் நிறுத்தினேன். குறுக்களவு 22 சென்டிமீட்டர் வருகிற மாதிரி தேடி வாங்கியது. "இதுதான் சூரியன். அப்படின்னா பூமி எவ்வளவு பெரிசு?" ஒருத்தி எலுமிச்சம்பழம் என்றாள், ஒருத்தி நெல்லிக்காய் என்றாள். கடுகுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரே ஒரு கடுகை உள்ளங்கையில் வைத்ததும் சிரிப்பு அடங்கவே இல்லை. சூரியனின் குறுக்களவு பூமியின் குறுக்களவைப்போல 109 மடங்கு. இரண்டு மில்லிமீட்டர் கடுகுக்கு இந்தப் பூசணி சரியாக இருக்கும். "சரி, கடுகு எங்கே நிற்கணும்?" பூசணிக்குப் பக்கத்திலேயே நின்றாள் கடுகுக்காரி. "தள்ளிப் போ… இன்னும் தள்ளி… இன்னும்…" முப்பது எட்டு வைத்து, 23 மீட்டர் தள்ளிப் போய் நின்றாள். நிலாவுக்கு ஒரு ரவை. அதைக் கடுகிலிருந்து 6 சென்டிமீட்டரில், மூன்று விரற்கடையில் வைக்கவேண்டும். மனுஷன் இதுவரை போய் இறங்கியதெல்லாம் அந்த மூன்று விரற்கடைதான் என்றதும், பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. வியாழன் நெல்லிக்காய் அளவு, 120 மீட்டர் தள்ளி. "அடுத்த நட்சத்திரம் எங்க டீச்சர்?" இன்னொரு பூசணிக்காயை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஜப்பான் வரைக்கும் போகவேண்டும் என்றேன். நம்பவில்லை. அப்படியே உட்கார்ந்து மண்ணில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் கணக்குப் பாடம் எடுக்கவே இல்லை, பாருங்கள்.

அடுத்தது எலுமிச்சம்பழம். இதற்கு இருட்டு அறை வேண்டும். அங்கே இருந்த வழிகாட்டி இளைஞர் நல்ல பிள்ளை. ஒரு சின்ன அறையை அரை மணி நேரத்துக்குத் திறந்துவிட்டார். நடுவில் ஒரு பல்பு, அது சூரியன். ஒவ்வொருத்தியும் கொண்டை ஊசியில் குத்திய எலுமிச்சம்பழத்தை, தலைக்குச் சற்று மேலாகக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, இடது பக்கமாக மெதுவாகத் தன்னைத் தானே சுற்றவேண்டும். அவள் தலைதான் பூமி. பல்பைப் பார்த்து நிற்கும்போது பழம் இருட்டாக இருக்கும், அது அமாவாசை. கொஞ்சம் திரும்பினால் ஓரத்தில் மெல்லிய கீற்று, மூன்றாம் பிறை. கால்வாசி திரும்பினால் பாதி. பல்புக்கு முதுகு காட்டி நின்றால் பழம் முழுக்க வெளிச்சம், பௌர்ணமி. "டீச்சர், என் நெழல் எங்கயுமே விழலியே, ஆனா தேயுது!" என்று இருட்டில் ஒரு குரல் கத்தியது. எத்தனை வருஷமாகப் போர்டில் சொல்லியும் ஏறாதது, அரை நிமிஷத்தில் ஏறிவிட்டது.

பழத்தைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தால் அமாவாசையில் பல்பை நேராக மறைக்கும். அது சூரிய கிரகணம். முகத்தில் எலுமிச்சம்பழத்து நிழல் பொட்டு மாதிரி விழும். அப்போதுதான் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்காதவள், கேட்டாள். "டீச்சர், இந்த நெழல் வயித்துக்குள்ள இருக்கிற புள்ளைய என்ன பண்ணும்?"

அவளைத் தனியாக அழைத்து விசாரித்தேன். அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாளாம். கர்ப்பத்தில் வந்த சர்க்கரை. காலையில் இன்சுலின் ஊசி, ஊசி போட்டால் உடனே பலகாரம், நேரம் தவறக்கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. ஆனால் வீட்டில் அப்பாயி சொல்லிவிட்டாராம். கிரகணத்துக்கு முதல்நாள் ராத்திரி சாப்பிட்டதோடு சரி, மறுநாள் கிரகணம் விட்டுத் தலைமுழுகிய பிறகுதான் பச்சைத் தண்ணீரே! அதுவரை ஜன்னலைச் சாத்தி இருட்டறையில் படுத்திருக்கவேண்டும். மீறினால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும்.

சகோதரிகளே, இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. கிரகணம் அன்று காலை எட்டு மணிக்குமேல் பிடித்து, பதினோரு மணிக்கு மேல்தான் விட்டது. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும், தாயின் உயிருக்கே ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தினாலும் கெடுதல். சர்க்கரை இல்லாத கர்ப்பிணியும் அத்தனை நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கக்கூடாது. உதட்டுப் பிளவோ, கர்ப்பத்தின் முதல் இரண்டு மாசத்துக்குள் மேலுதடு சரியாகக் கூடாததால் வருவது. ஏழாம் மாசத்தில் வருகிற கிரகணம் அதை என்ன செய்யும்? நிழல் நிழல்தான். வேப்பமரத்து நிழலில் நின்றால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகிறதோ, அதுதான் இதிலும் ஆகும் என்று அவளுக்குச் சொன்னேன்.

"நான் வீட்டுக்கு வந்து அப்பாயிகிட்டப் பேசட்டுமா?"

"வேணாம் டீச்சர். நீங்க வந்தா அப்பாயி மொறச்சிக்கும். நானே பாத்துக்கறேன். அந்த வளையம் ரெண்டையும் மட்டும் குடுங்க."

எம்பிராய்டரி வளையத்தைப் பற்றிச் சொல்லவில்லையே! மாசாமாசம் அமாவாசை வருகிறது, ஏன் மாசாமாசம் கிரகணம் வருவதில்லை என்ற கேள்விக்கு அதுதான் பதில். பெரிய வளையம், வானத்தில் சூரியன் போகும் பாதை. சின்ன வளையம், நிலா போகும் பாதை. சின்னதைப் பெரியதற்குள் வைத்து, லேசாகச் சாய்க்கவேண்டும். உண்மையில் சாய்வு ஐந்து டிகிரிதான். இரண்டும் இரண்டே இடத்தில் குறுக்கிடும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் அமாவாசை வந்தால்தான் சூரிய கிரகணம். மற்ற மாசங்களில் நிலா மேலேயோ கீழேயோ போய்விடும். அந்த இரண்டு குறுக்கிடும் இடங்களுக்கு நம் பஞ்சாங்கக்காரர்கள் வைத்த பேர்தான் ராகு, கேது! பாம்பு என்று கதையாகச் சொன்னாலும், கணக்குப் போடும்போது அவர்கள் இந்தப் புள்ளிகளைத்தான் வைத்துப் போட்டார்கள். இதைச் சொன்னபோது அந்த ரெட்டைச் சடைக்காரியின் கண் மின்னியதை நான் அப்போதே கவனித்தேன். அப்பாயியிடம் எந்த வழியாகப் போகவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முறுக்கு அச்சுக்கு வருகிறேன். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கண்ணின் விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்துபோன பிறகுதான் பார்வை போனது தெரியும். கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடிச் சில்லு, மஞ்சள் தண்ணீர்த் தாம்பாளம் எதுவுமே பத்திரமில்லை. கிரகணத்துக்கென்றே தரச்சான்றோடு செய்த கண்ணாடி வேண்டும், அல்லது முதுகைக் காட்டிக்கொண்டு நிழலைப் பார்க்கவேண்டும். தேன்குழல் அச்சின் தட்டை வெயிலில் பிடித்தால், ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சூரியனைத் தரையில் போடும். கோளரங்கத்து வாசலிலேயே செய்து பார்த்தோம். முள்ளு முறுக்கின் நட்சத்திர ஓட்டையைத் தரைக்குக் கிட்டத்தில் பிடித்தபோது நட்சத்திரமாகவே விழுந்தது. ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்று உயரமாகப் பிடித்தாள். நட்சத்திரம் மங்கி, வட்டமாகிவிட்டது! ஓட்டையின் வடிவம் போய், சூரியனின் வடிவம் வந்துவிடுகிறது. மரத்தடியில் இலைச் சந்தில் விழும் வட்ட வட்ட வெளிச்சமெல்லாம் சூரியனின் படம்தான் என்று அன்றைக்கு நாற்பத்திரண்டு பேருக்கும் தெரிந்தது. மலைக்கோட்டையில் சாமி கும்பிட்டுவிட்டு இருட்டும் நேரத்துக்கு ஊர் வந்து சேர்ந்தோம்.

அரைப் பரீட்சை லீவில்தான் கிரகணம். நானும் இவரும் மொட்டை மாடியில் அச்சும் கையுமாக நின்றோம். ஒன்பதரை மணி வாக்கில் வெயில் சாம்பல் பூத்த மாதிரி மங்கியது, காற்று சிலுசிலுத்தது, தரையில் தேன்குழல் தேன்குழலாக வளையங்கள். "முறுக்கு சுட்டே வெச்சுட்டியே!" என்று இவர் கேலி செய்தார். எனக்கு மனசெல்லாம் அந்த வீட்டு ஞாபகம்தான்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் அவளே வந்து சொன்னாள்.

முதல் வேலையாக, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, முற்றத்தில் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து அதில் உலக்கையை நிறுத்திக் காட்டியிருக்கிறாள். கிரகணத்தின்போது மட்டும்தான் உலக்கை நிற்கும் என்று அப்பாயி சொல்லிக்கொண்டிருந்தாராம். அடிப்பூண் தட்டையாக இருந்து, கை நிதானமாக இருந்தால் எந்த நாளும் நிற்கும். அப்பாயி ஒன்றும் சொல்லாமல் உலக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். அப்புறம் பூசணி, கடுகு, கடைசியில் வளையம். "அப்பாயி, நீ சொல்ற ராகு இங்க, கேது இங்க" என்று தொட்டுக் காட்டியதும், "இதைத்தான் ஐயர் கணிக்கிறாரா?" என்று கேட்டு, வளையத்தை வாங்கித் தானே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாராம். இரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. "அவ சாப்பிடட்டும். டாக்டரு சொன்ன நேரத்துக்கே சாப்பிடட்டும். ஆனா வெளிய வரக்கூடாது, அருவாமணை தொடக்கூடாது, ஜன்னலைச் சாத்தணும்."

எனக்கு அது போதும். ஜன்னல் சாத்தியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இட்லி வயிற்றுக்குள் போய்விட்டதே!

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பழைய ஓட்டு வீடு. கிழக்கே பார்த்த மரக்கதவு ஜன்னல், அதில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று. அக்கா ஊசி போட்டு, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு இருட்டறையில் படுத்திருக்கிறாள். தரையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளிச்சப் பொட்டு. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பொட்டை யாரோ கடித்த மாதிரி ஒரு ஓரம் காணவில்லை. "ஏய், இங்க வாடி!" என்று தங்கையைக் கூப்பிட்டிருக்கிறாள். காசு அரைக்காசாகி, பிறையாகி, மெல்ல மெல்ல இரண்டு முனையும் கூடி வளையமாகிவிட்டது. கர்ப்பிணி பார்க்கக்கூடாது என்று சாத்திய அறைக்குள்ளேயே கிரகணம் வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறது!

சத்தம் கேட்டு அப்பாயி உள்ளே வந்தாராம். திட்டப்போகிறார் என்று இரண்டு பேரும் பயந்து நின்றார்களாம். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அந்த வளையத்துக்குள் தன் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாராம். விரல்மேல் வெளிச்சம் ஏறியதும் எடுத்துக்கொண்டு, "மோதரமாட்டம் இருக்கு" என்றாராம்.

பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. பிள்ளையைக் கையில் வாங்கியதும் அப்பாயி முதலில் பார்த்தது உதட்டைத்தானாம். இனி நம் பக்கம் வளையல் கிரகணம் 2031 மே 21-ந் தேதி, மதுரைப் பக்கமாக வருகிறது. அந்த ஜன்னலுக்குப் புதுக்கதவு போட ஆசாரி வந்தபோது, ஆணி ஓட்டை இருக்கிற பலகையை மட்டும் மாற்றக்கூடாது என்று அப்பாயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.